செல்போன் தலைமுறையும் கொடைக்கானல் மண்ணும்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?"

இந்தக் கேள்வி எழாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. தாத்தா கேட்கிறார். பாட்டி ஆமாம் போடுகிறாள். அப்பா பெருமூச்சு விடுகிறார். கேள்விக்கு ஆளான மகனோ மகளோ தலை நிமிர்வதில்லை. கண் இரண்டும் கையில் உள்ள செல்போனில் இருக்கின்றன. "பார்த்தாயா, நான் சொன்னது சரியாகப் போயிற்று!" என்கிறார் தாத்தா.

கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் இதே பேச்சை அங்கும் கேட்கலாம். பழனி மலைத் தொடரின் மேல், சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதையில் நின்றால், பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வருவது தெரியும். வயதானவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்க்கிறார்கள். வாலிபர்கள் மேகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தங்களைத் தாங்களே படம் பிடிக்கிறார்கள்.

"இதற்கா இவ்வளவு தூரம் மலை ஏறி வந்தார்கள்?" என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

குணா குகை விஷயமும் உண்டு. 1991-ல் வெளிவந்த 'குணா' படத்தால் அந்தக் குகைக்கு அப்பெயர் வந்தது. 2006-ல் கேரளத்திலிருந்து வந்த வாலிபர் கூட்டம் ஒன்று தடையை மீறி அங்கே இறங்கியது. ஒருவர் ஆழமான பள்ளத்தில் விழுந்துவிட்டார். இனி அவர் பிழைக்கமாட்டார் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய நண்பர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினார். விழுந்தவரை உயிரோடு மேலே கொண்டுவந்தார். அரசாங்கம் அவருக்கு உயிர் காத்தவருக்கான விருது கொடுத்தது. 2024-ல் அந்தக் கதை மலையாளத்தில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற படமாக வந்து, தமிழ்நாட்டிலும் சக்கைப்போடு போட்டது.

அதே கூட்டம்தான் தடையை மீறியது. அதே கூட்டம்தான் உயிரைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றியது. பெரியவர்கள் சொல்லும்போது முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இளைஞர்கள் இரண்டாம் பாதியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்!

யார் இந்த மில்லேனியல்?

ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பெயர் வைப்பது மேல்நாட்டு வழக்கம். 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களுக்கு 'மில்லேனியல்' என்று பெயர். 2000-ம் ஆண்டு பிறந்த காலத்தை ஒட்டி வாலிபத்தை எட்டியவர்கள் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் அமெரிக்கர்கள். குறை சொன்னவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். சோம்பேறிகள், சுயநலக்காரர்கள், தங்களைத் தாங்களே ரசிப்பவர்கள் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின.

நம் ஊரிலும் அந்தப் பெயர் ஒருமுறை பெரிதாக அடிபட்டது. 2019 செப்டம்பரில் மோட்டார் கார் விற்பனை படுத்துவிட்டது. சென்னைக்கு வந்த மத்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அதற்குப் பல காரணங்களைச் சொன்னார். மில்லேனியல்கள் மாதத் தவணை கட்டிக் கார் வாங்குவதைவிட, வாடகைக் காரிலும் மெட்ரோ ரெயிலிலும் போவதையே விரும்புகிறார்கள் என்பது அவற்றில் ஒன்று. அவ்வளவுதான்! நாட்டில் எது கெட்டாலும் மில்லேனியல்தான் காரணம் என்று இளைஞர்கள் கேலிச் செய்திகளை அனுப்பித் தீர்த்துவிட்டார்கள்.

கடன் வாங்காதே என்று பிள்ளைக்குப் புத்தி சொன்னவர்கள் பெரியவர்கள். கடன் வாங்காமல் இருந்தால் குறை சொல்கிறவர்களும் பெரியவர்களா? கேலிக்குள்ளே இந்தக் கேள்வியும் ஒளிந்திருந்தது.

தமிழ்நாட்டில் இவர்களுக்கு வேறு பெயர் உண்டு: '90ஸ் கிட்ஸ்'. அதாவது 1990-களில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால், இவர்களும் இப்போது பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். முப்பதை ஒட்டியவர்களும், நாற்பதைத் தாண்டியவர்களுமாக இருக்கிறார்கள். சிலருக்கு முன் தலை ஏறிவிட்டது. "நாங்கள் பம்பரம் விட்டோம், தேன் மிட்டாய் தின்றோம், ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷன் பார்த்தோம். இந்த 2கே கிட்ஸுக்கு என்ன தெரியும்?" என்று தங்களுக்கு இளையவர்களைப் பார்த்துக் கேட்கிறார்கள். தாத்தாவின் கேள்வி பேரனுடைய வாய்க்கு வந்துவிட்டது!

தாத்தாவை மட்டும் விட்டார்களா? 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து வீதிக்கு வந்த கல்லூரி மாணவர்கள் இன்று எண்பது வயதுக்காரர்கள். "படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு? சினிமா பார்த்துக் கெட்டுப்போய்விட்டார்கள்" என்று அன்று அவர்களையும் சொன்னார்கள். கெடுத்தது அப்போது சினிமா. பிறகு டெலிவிஷன். இப்போது செல்போன்.

ஆகவே, எந்தத் தலைமுறை உயர்ந்தது என்று திண்ணையில் உட்கார்ந்து வாதாடினால் பொழுதுதான் போகும். ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அதில் யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் உண்மை புரியும். அப்படி ஒரு காரியம் கொடைக்கானலிலேயே நடந்திருக்கிறது.

கண்ணாடிக் குழாயும் பாதரசமும்

காய்ச்சல் வந்தால் டாக்டர் நாக்குக்கு அடியில் வைத்துப் பார்ப்பாரே, அந்தத் தர்மாமீட்டரை எல்லோருக்கும் தெரியும். அதன் நுனியில் வெள்ளிபோலப் பளபளப்பதுதான் பாதரசம். உலோகம்தான், ஆனால் தண்ணீர்போல ஓடும். கீழே சிந்தினால் முத்து முத்தாக உருளும். சிறு பிள்ளைகள் அதை உருட்டி விளையாட ஆசைப்படுவார்கள்.

அழகுதான். ஆனால் விஷம். அடுப்பில் வைக்கத் தேவையில்லை. சாதாரண அறைச் சூட்டிலேயே அது ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போனால் நரம்பைத் தாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கை நடுங்கும். ஈறு வீங்கும். ஞாபகம் மங்கும். நீர்நிலையில் சேர்ந்தால் இன்னும் கொடிய வடிவம் எடுத்து மீனுக்குள் ஏறும். மீனைத் தின்னும் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் இந்தக் கொடுமை நடந்தது. 1956-லேயே அந்த நோய் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால், 1980-களின் தொடக்கத்தில்தான் கொடைக்கானலில் தர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் நடந்துகொண்டிருந்த பாண்ட்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை, இந்த மலை உச்சிக்கு வந்து சேர்ந்தது. 1987-ல் அந்தக் கம்பெனியை யூனிலீவர் வாங்கியது. பிறகு தொழிற்சாலை அதன் இந்தியக் கிளையான இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. தர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்குப் போயின. நடுவில் வேலை செய்தவர்கள் கொடைக்கானல்காரர்கள்.

மலையில் நிரந்தர வேலை என்பது லேசில் கிடைப்பதல்ல. தோட்டக் கூலி, சீசனுக்குச் சீசன் ஓட்டல் வேலை, இவைதான் கதி. பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது என்றால் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டிருப்பார்கள். போனவர்களில் பலர் வாலிபர்கள். போதிய பாதுகாப்பு இல்லாமலே பாதரசத்தோடு பழகினோம் என்று அவர்கள் பிற்பாடு சொன்னார்கள். பழுதான தர்மாமீட்டர்களும் உடைந்த கண்ணாடியும் குவிந்தன. மழைநீரும் கழிவுநீரும் பாம்பாறு சோலைப் பக்கம் சரிவில் இறங்கின.

மில்லேனியல் தலைமுறை பிறந்து வளர்ந்த ஆண்டுகளும், அந்தத் தொழிற்சாலை நடந்த ஆண்டுகளும் கிட்டத்தட்ட ஒன்றே. தகப்பனார் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைப் பிடித்து இழுத்து விளையாடிய பிள்ளைகள்தான் 90ஸ் கிட்ஸ்.

மூஞ்சிக்கல்லில் கிடந்த மூட்டைகள்

2001 மார்ச் மாதம். கொடைக்கானலில் மூஞ்சிக்கல் என்ற இடம் ஜன நடமாட்டம் மிகுந்தது. அங்கே ஒரு பழைய சாமான் கடையில் உடைந்த தர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது. அதில் பாதரசம் ஒட்டியிருந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சிலும், கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் இயக்கமும் அதை வெளிக்கொண்டு வந்தன. ஊர் ஜனங்கள் ஊர்வலமாகத் தொழிற்சாலைக்குப் போனார்கள். அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. பிறகு திறக்கவே இல்லை.

2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. பணக்கார நாடுகளின் குப்பை ஏழை நாடுகளுக்கு வருவதுதான் வழக்கம். அது வந்த வழியே திரும்பியது அபூர்வம்!

இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? மில்லேனியல் அல்ல. அவர்களுடைய அப்பா, அம்மா, அண்ணன்மார். அப்போது செல்போனில் படம் பிடிக்கும் வசதி இல்லை. கடிதம் எழுதினார்கள். மனுக் கொடுத்தார்கள். மண்ணைச் சோதித்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள்.

ஆலை மூடியது. ஆளின் உடம்பு? முன்னாள் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2006-ல் சென்னை ஐகோர்ட்டில் மனுப் போட்டார்கள். வைத்தியமும் நஷ்ட ஈடும் கேட்டார்கள். தொழிலாளர்களின் உடல்நிலையைத் தொழிற்சாலை பாதிக்கவில்லை என்று கம்பெனி சொன்னது. நிபுணர் குழுக்கள் வந்தன. அறிக்கைகள் ஒன்றோடு ஒன்று மோதின. அதே 2006-ல், அணுசக்தித் துறையின் ஐதராபாத் விஞ்ஞானிகள், கொடைக்கானல் ஏரித் தண்ணீரிலும் மீனிலும் பாதரசம் இருப்பதாக ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். படகு விட்டுச் சுற்றுலாப் பயணிகள் மகிழும் அதே ஏரிதான்!

ஆண்டுகள் ஓடின. வாய்தா, வாய்தா என்று காலம் போனது. தொழிலாளர்களில் சிலர் கண்ணை மூடிவிட்டார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அடித்துக்கொண்டே இருந்தார்கள். அம்மி நகரவில்லை.

ஒரு பாட்டு

2015 ஜூலை கடைசியில் ஒரு பாட்டு வெளிவந்தது. பாடியவர் சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண். 1987-ல் பிறந்தவர், அசல் மில்லேனியல். விளம்பரக் கம்பெனியில் எழுத்து வேலை பார்த்தவர். கர்நாடக சங்கீதம் அல்ல, மெல்லிசையும் அல்ல. 'ராப்' என்று சொல்கிறார்களே, கையை வீசி, படபடவென்று பேசுவதுபோலப் பாடுவது. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் மெட்டை எடுத்து, கொடைக்கானல் பாதரசத்தின் கதையை ஆங்கிலத்தில் கொட்டியிருந்தார். தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடு, கெடுத்த மண்ணைச் சுத்தம் செய் என்பதுதான் கருத்து.

இந்தப் பாட்டை ஒரு தாத்தாவிடம் போட்டுக் காட்டியிருந்தால், காதைப் பொத்திக்கொண்டிருப்பார். "இது பாட்டா?" என்று கேட்டிருப்பார்.

ஆனால் அது பறந்தது. சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். ஒரு வாலிபன் பார்த்தான். பத்துப் பேருக்கு அனுப்பினான். பத்துப் பேர் நூறு பேருக்கு அனுப்பினார்கள். இருந்த இடத்தில் இருந்தபடியே கம்பெனிக்கு எதிரான மனுவில் பெயர் சேர்த்தார்கள். எந்த மெட்டை எடுத்தாரோ, அந்த நிக்கி மினாஜே அதைப் பார்த்துத் தன் ரசிகர்களுக்குத் தெரிவித்தார். யூனிலீவரின் உலகத் தலைவரே வெளிப்படையாகப் பதில் சொல்லும்படி ஆயிற்று. லண்டன் பத்திரிகைகளில் கொடைக்கானலின் பெயர் வந்தது.

2016 மார்ச்சில் சேதி வந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பணம் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாகக் கம்பெனி கூறியது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. ஐகோர்ட்டு அந்த உடன்பாட்டைப் பதிவு செய்துகொண்டது. தொழிற்சாலை மூடி 15 ஆண்டு. பாட்டு வந்து 8 மாதம்!

எந்தச் செல்போனைப் பெரியவர்கள் பழித்தார்களோ, அந்தச் செல்போன்தான் மலை மேல் கேட்ட குரலை மலைக்குக் கீழே கொண்டுபோயிற்று. இதை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நியாயமல்ல.

புகழ் யாருக்கு?

ஆனால் பாட்டு ஒன்றே வெற்றி தேடித் தந்தது என்று இளைஞர்கள் நினைத்தால் அதுவும் நியாயமல்ல. பாட்டில் சொல்ல ஒரு விஷயம் வேண்டாமா? அந்த விஷயத்தை 15 ஆண்டுகள் கட்டிக் காத்தவர்கள் யார்? பழைய அட்டை பைல்களில் மருத்துவச் சீட்டையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்தி, பஸ் பிடித்து மலை இறங்கி, சென்னைக்குப் போய் வக்கீல் வீட்டு வாசலில் காத்திருந்த தொழிலாளர்கள். வழக்கு கோர்ட்டில் உயிரோடு இருந்ததால்தான் உடன்பாடு பேச ஓர் இடம் இருந்தது. இல்லாவிட்டால் லட்சம் பேர் பார்த்த பாட்டு, லட்சம் பேர் மறந்த பாட்டாகப் போயிருக்கும்.

மறதிதான் இந்தத் தலைமுறையின் மேல் சொல்லத் தகுந்த உண்மையான குறை. சோம்பல் என்பது பொய். சுயநலம் என்பதும் பாதிப் பொய். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, முன்பின் தெரியாதவர்களுக்குப் படகும் சோற்றுப் பொட்டலமும் கொண்டு போனவர்களில் இளைஞர்களே அதிகம் கண்ணில் பட்டார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரீனாவில் ராப்பகலாக உட்கார்ந்தார்கள். குப்பையையும் அவர்களே பொறுக்கினார்கள். ஆனால் இன்று ஒரு பிரச்சினை, நாளை ஒரு பிரச்சினை. செல்போன் திரையில் விரலைத் தள்ளினால் அடுத்தது வந்துவிடுகிறது.

கொடைக்கானல் விஷயத்திலும் அப்படித்தான் ஆயிற்று. பணம் கிடைத்ததும் கதை முடிந்தது என்று பலர் நினைத்துவிட்டார்கள். மண் அப்படியே இருந்தது. 2018-ல் சோபியா அஷ்ரப் மறுபடி பாடினார். இம்முறை கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சேர்ந்துகொண்டார். அவர் 1976-ல் பிறந்தவர்; மில்லேனியலுக்கு மூத்த தலைமுறை. ராப்பும் ராகமும் ஒரே பாட்டில் வந்தன. இரண்டு தலைமுறை ஒரே மேடைக்கு வருவதற்கு ஒரு பாழ்பட்ட மண் தேவைப்பட்டது.

அந்தப் பாட்டில் கேட்ட கேள்வி எளியது. தொழிற்சாலை மண்ணில் 1 கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று முடிவாகியிருந்தது. அது போதாது, பக்கத்திலே சோலைக் காடும் ஓடையும் இருக்கின்றன, இன்னும் சுத்தம் வேண்டும் என்றார்கள் ஊர்க்காரர்களும் இயக்கத்தினரும். இதே கம்பெனி தன் சொந்த நாடான இங்கிலாந்தில் இருந்திருந்தால் இவ்வளவு பாதரசத்தை விட்டுவைக்க விடுவார்களா என்று கேட்டார்கள். அளவு விஞ்ஞான முறைப்படியே நிர்ணயிக்கப்பட்டது என்றது கம்பெனி. அளவை மேலும் குறைக்க மண்ணை அதிகம் தோண்டினால் மரங்களும் சரிவும் போகும் என்ற வாதமும் வந்தது. அந்த வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒன்று தெளிவு. இரண்டாவது பாட்டு முதல் பாட்டைப்போலப் பறக்கவில்லை. 591 குடும்பங்களின் கண்ணீர் முதல் பாட்டில் இருந்தது. இரண்டாவதில் இருந்தது மண்ணும் மில்லிகிராமும். மில்லிகிராமுக்காக அழுகிறவர்கள் குறைவு.

மலையில் மிச்சம் இருப்பது

பழனி மலையில் முன்னோர் விட்டுப் போனவை பல. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை அமைத்த ஏரி இருக்கிறது. 1899-ல் தொடங்கிய சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு தலைமுறை எடுத்த சூரியப் படங்களை அடுத்த தலைமுறை பத்திரமாக வைத்து, நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வருகிறார்கள். புல்வெளியை அழித்து நட்ட அந்நிய நாட்டு வேட்டில் மரமும் தைல மரமும் இருக்கின்றன. தண்ணீரைக் குடித்து, குறிஞ்சி பூக்கும் இடத்தை விழுங்கி நிற்கின்றன. நட்டவர்கள் நல்லது என்றுதான் நட்டார்கள். பாதரசமும் அந்தச் சொத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

தாத்தா பேரனிடம் கேட்கும் கேள்வியைப் பேரனும் திருப்பிக் கேட்கலாம் அல்லவா? 1956-லேயே ஜப்பானில் தெரிந்த ஒரு விஷத்தை, 1980-களில் மலை உச்சியில், ஓடைக்கு மேலே கொண்டு வைக்கும்போது, அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது? அனுமதி கொடுத்த அதிகாரிக்குச் செல்போன் பார்க்கும் பழக்கம் இல்லையே!

பேரனிடமும் கேட்கக் கேள்வி இருக்கிறது. கொடைக்கானலுக்குப் போய் நூறு படம் எடுத்துத் திரும்பினானே, அந்த மூடிய தொழிற்சாலை எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா? செயின்ட் மேரீஸ் ரோடு. ஏரியிலிருந்து வெகு தூரம் இல்லை.

2025 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கும் மேல்நாட்டார் பெயர் வைத்துவிட்டார்கள்: 'பீட்டா' தலைமுறை. கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரியிலும் அந்தத் தலைமுறை பிறந்துகொண்டிருக்கிறது. 2018-ல் பூத்த குறிஞ்சி 12 ஆண்டு கழித்து, 2030-ல் மறுபடி பூக்கும்போது அவர்களில் மூத்தவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருப்பார்கள். மழை பெய்தால் பாம்பாற்றில் கால் நனைப்பார்கள். அந்தத் தண்ணீரையும், அதற்கு மேலே உள்ள மண்ணையும் ஆண்டுதோறும் சோதித்து, அந்தக் கணக்கை நகராட்சி வாசலில் தமிழில் எழுதிப் போடலாம். அதற்குப் பாட்டும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். ஒரு கரும்பலகையும் ஒரு சாக்குக் கட்டியும் போதும்.